சித்தப்பாவின் கேள்வி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வட சென்னை எர்ணாவூரிலிருந்து எழுதுகிறேன். பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அனல்மின் நிலையச் சாம்பலால் எண்ணூர் கழிமுகத்தில் இறாலும் நண்டும் குறைந்துபோனதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். மறுநாள் ஒரு நிச்சயதார்த்தத்தில் சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் தென் சென்னையில், வேளச்சேரியில் இருக்கிறார். "உங்க வீட்டுல ஃபேன் ஓடலையா? கேஸ் அடுப்பு எரியலையா? நாட்டுக்குக் கரண்ட் வேணாமா? எங்கயாவது ஒரு இடத்துல வெச்சுத்தானே ஆகணும்? எனர்ஜி செக்யூரிட்டின்னா என்னன்னு படிச்சிட்டு வந்து பேசு" என்றார். அத்தனை பேர் முன்னால் எனக்குப் பதில் வரவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் வந்தபோது எங்கள் காம்பவுண்டு சுவரில் படிந்த கறுப்புக் கோடு, இரண்டு முறை வெள்ளையடித்த பிறகும் தெரிகிறது. அதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. சித்தப்பா சொன்னதை நினைத்தால் குழப்பம் வருகிறது. ஆற்றல் பாதுகாப்பு என்று எதைச் சொல்கிறார்கள்? எங்கள் பக்கம் புதிய அனல்மின் அலகுக்காக மறுபடி ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் நான் எழுந்து என்ன கேட்க வேண்டும்?

ஒரு வாசகி, எர்ணாவூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு விஷயத்தில் நான் உங்கள் சித்தப்பா பக்கம். நாட்டுக்குக் கரண்ட் வேண்டும். இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பத்தில் சுமார் ஏழு பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டில் காற்றாலைகள் நன்றாகச் சுற்றுவது மே முதல் செப்டம்பர் வரை. சூரிய மின்சாரம் சாயங்காலத்தோடு முடிந்துவிடும், நம் வீடுகளில் தேவை ஏறுவதோ அதற்கு அப்புறம். உங்கள் பக்கம் அத்திப்பட்டில் இருக்கும் அனல்மின் நிலையத்தை நாளைக் காலையே மூடு என்று நான் எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன்.

ஆனால் "உங்க வீட்டுல ஃபேன் ஓடலையா?" என்ற கேள்விக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாட்டின் மின்சாரத்தில் தொழிற்சாலைகள் எடுத்துக்கொள்வது 40 சதவீதத்துக்குச் சற்று மேல். வீடுகள் எல்லாம் சேர்ந்து கால் பங்கு. விவசாய பம்ப்செட்டுகள் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மீதி கடைகள், அலுவலகங்கள், ரயில். அந்தக் கால் பங்கிலும் ஏசி ஓடும் வீடு உண்டு, இரண்டு ஃபேன் மட்டும் ஓடும் வீடும் உண்டு. எர்ணாவூர் வீட்டின் ஃபேனைக் காட்டி எர்ணாவூர்க்காரரின் வாயை அடைப்பது நியாயமில்லை. அதே கரண்டில்தான் வேளச்சேரியிலும் ஃபேன் ஓடுகிறது. அங்கே யாரும் சாம்பலைத் துடைத்துவிட்டுக் கொடியில் துணி போடுவதில்லை.

அந்தச் சாம்பல் எவ்வளவு என்று ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்திய நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் 700 கிராம் எரிக்க வேண்டும். அந்த நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நம் பில்லில் கழிக்கப்படும் இலவச 100 யூனிட் இருக்கிறதே, அது முழுக்க நிலக்கரியில் செய்ததாக வைத்துக்கொண்டால் 70 கிலோ கரி, இருபது கிலோவுக்கு மேல் சாம்பல். ஏறக்குறைய ஒரு அரிசி மூட்டை. அந்த மூட்டை யார் வீட்டு வாசலுக்கும் வருவதில்லை. செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குளங்களுக்குத் தண்ணீரோடு கரைத்துக் குழாயில் போகிறது. குழாய் ஒழுகும் இடங்களில் கொசஸ்தலை ஆற்றுக்குள் போகிறது. ஆற்றங்கரை மீனவர் ஊரான காட்டுக்குப்பத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். முன்பு கழி ஊன்றினால் முழுகும் இடத்தில் இன்று இடுப்பளவுச் சாம்பல் சேற்றில் நடக்கிறார்கள்.

சரி, ஆற்றல் பாதுகாப்பு. எனக்கு இந்தச் சொல் புரிந்தது எந்தப் புத்தகத்தாலும் இல்லை, கிருஷ்ணாயிலால். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அந்த வருடக் கடைசியில் தண்டையார்பேட்டையில் எங்கள் ரேஷன் கடை வரிசை தெருமுனை தாண்டி நின்றது. அம்மா பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லி என்னை வரிசையில் நிறுத்தினார். கையில் மஞ்சள் கேன். குவைத் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அங்கே நடக்கும் சண்டை எங்கள் பம்ப் ஸ்டவ்வை அணைக்கும் என்பது மட்டும் அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

ஆற்றல் என்றதும் நாம் கரண்டை மட்டும் நினைக்கிறோம். நாடு கடைசியாகப் பயன்படுத்தும் ஆற்றலில் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். லாரி டீசலில் ஓடுகிறது, உலைகள் கரியில் எரிகின்றன, அடுக்களை கேஸில் ஓடுகிறது. கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சமையல் கேஸில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதிலும் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து ஹோர்முஸ் நீரிணை வழியாக. அவசரத்துக்கென்று விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து எண்ணெய் சேமிக்கிறோம். மூன்றும் நிரம்பினால் 53 லட்சம் டன், நாட்டுக்கு ஒன்பதரை நாளுக்குப் போதும். எண்ணெய் நிறுவனங்களின் கையிருப்பையும் சேர்த்தால் 70 நாளுக்குச் சற்று மேல். சர்வதேச எரிசக்தி முகமை தன் உறுப்பு நாடுகளுக்கு வைத்திருக்கும் அளவு, நிகர இறக்குமதியில் 90 நாள். வழியில் ஒரு கண்ணி அறுந்தால் எத்தனை நாள் தாங்குவோம் என்பதுதான் கேள்வி. நான் இதைத்தான் ஆற்றல் பாதுகாப்பு என்று புரிந்துவைத்திருக்கிறேன்.

நிலக்கரி உள்நாட்டுச் சரக்குதானே என்று தோன்றும். நம் பக்கம் எரியும் கரி ஒடிசாவில் தால்ச்சேரில் வெட்டப்படுகிறது. ரயிலில் பாராதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூர் காமராசர் துறைமுகம், பிறகு கன்வேயரில் உலை. 2001இல் அந்தத் துறைமுகம் திறந்ததே முதன்மையாக இந்தக் கரிக்காகத்தான். சுரங்கத்தில் மழை, ரயில் வேகன் தட்டுப்பாடு, வங்கக் கடலில் புயல், எது நடந்தாலும் சங்கிலி நின்றுபோகும். 2021 அக்டோபரில் நாட்டின் நிலக்கரி மின் நிலையங்களில் கையிருப்பு சராசரியாக நான்கு நாள் அளவுக்கு இறங்கியது. அதன் பிறகுதான் சுரங்கத்திலிருந்து தள்ளி இருக்கும் நிலையங்கள் 20 முதல் 26 நாள் கரி வைத்திருக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள்.

மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிக்கும் இதே கதை உண்டு. 2012இல் கோவை, மதுரைப் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனது. சென்னையில் இரண்டு மணி நேரம். உற்பத்தி போதவில்லை, வடக்கிலிருந்து வாங்கலாம் என்றால் கொண்டுவரப் பெரிய பாதை இல்லை. தென் மாநிலங்களின் மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே இயக்கமாக இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்று. அதே தனிமைதான் 2012 ஜூலை இறுதியில் வடக்கே பல மாநிலங்கள் இருளில் மூழ்கியபோது நம்மைக் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். இணைப்பு பலம் தரும், விழும்போது சேர்த்தும் இழுக்கும்.

இப்போது சித்தப்பாவின் "எங்கயாவது ஒரு இடத்துல வெச்சுத்தானே ஆகணும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் உறுத்துவது அந்த 'ஒரு இடம்'தான். வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் 1,830 மெகாவாட். 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட மூன்றாம் கட்டம் 800. பக்கத்து வல்லூர் அனல்மின் நிலையம் 1,500. மொத்தம் 4,130. வல்லூரில் ஒரு பகுதி வெளி மாநிலங்களுக்குப் போகிறது என்றாலும், 2024 மே 2 அன்று தமிழ்நாடு தொட்ட 20,830 மெகாவாட் உச்சத் தேவையோடு வைத்துப் பார்த்தால் அளவில் ஐந்தில் ஒரு பங்கு. பக்கத்திலேயே கரி இறங்கும் துறைமுகம். ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவுள்ள திரவ எரிவாயு முனையம், 2019இல் திறந்தது. தெற்கே மணலியில் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயைப் பிரிக்கும் ஆலை. அங்கேயே பெரிய துணைமின் நிலையம். 2024 செப்டம்பரில் அந்தத் துணைமின் நிலையத்தில் தீப்பிடித்த இரவில் நகரத்தின் பல பகுதிகள் இருண்டுபோனதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இவை அத்தனையும் கடல் மட்டத்துக்குக் கொஞ்சமே மேலே, ஒரு கழிமுகத்தைச் சுற்றி நிற்கின்றன. பூண்டியில் மதகைத் திறந்தால் கொசஸ்தலையாறு இறங்கிவரும் வழி இது. புயல் வந்தால் கடல் உள்ளே ஏறும் வழியும் இதுவே. ஒரே கிளையில் நாலு தூளியைக் கட்டியதுபோல வைத்திருக்கிறோம். அந்த ஆற்றைச் சாம்பல் போட்டு மேடாக்கினால் தண்ணீர் ஒதுங்க இடமில்லாமல் குப்பத்துக்குள் வருகிறது. துறைமுகச் சாலைக்கும் துணைமின் நிலையத்துக்கும் அதே தண்ணீர் வராது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே கழிமுகத்தைத் தூர்வாரி, ஆற்றின் அகலத்தை மீட்டுக் கொடுங்கள் என்று மீனவர்கள் கேட்கும்போது அவர்கள் இறாலுக்காக மட்டும் பேசவில்லை. வேளச்சேரியின் கரண்டுக்காகவும் பேசுகிறார்கள். உங்கள் சித்தப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். நாட்டின் ஆற்றல் பாதுகாப்பில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தால், கொசஸ்தலையாற்றுக்காக அவர் உங்கள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்.

கூட்டத்தில் பொதுவாக "எங்களை வாழ விடுங்கள்" என்று சொன்னால் குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைத்துவிடுவார்கள். பதில் எண்ணாக வரவேண்டிய கேள்வியைக் கேளுங்கள். புதிய அலகின் சாம்பலில் எத்தனை டன் உலர்ந்த சாம்பலாக சிமென்ட் ஆலைக்குப் போகும், மீதி எந்தக் குளத்துக்கு, அந்தக் குளத்தில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது? மின் சாதனங்கள் இருக்கும் தளம் 2023 டிசம்பர் வெள்ள மட்டத்துக்கு எத்தனை அடி மேலே? அந்த வெள்ள மட்டம் என்ன என்று அவர்களுக்குள்ளேயே ஆளுக்கொரு கணக்குச் சொல்லலாம். உங்கள் வீட்டுச் சுவரில் அது எழுதியே இருக்கிறது. அடுத்த முறை வெள்ளையடிப்பதற்கு முன்னால், தரையிலிருந்து அந்தக் கறுப்புக் கோடு வரை டேப் பிடித்து அளந்து, டேப்போடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் இன்னும் நாலு வீட்டிலும் எடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.