இரண்டு போர் துளைகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில், கெடிலம் ஆற்றுப் பக்கமாக 8 சென்ட் மனையில் மூன்று மாடி கட்டப்போகிறோம். மண் பரிசோதனைக்காகக் கிழக்கு மூலையில் போட்ட போர் துளையில் 6 மீட்டர் வரை மணல். மேற்கு மூலையில் 3 மீட்டரிலேயே கறுப்புக் களி. மண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தவர், இரண்டுக்கும் சராசரி பார்த்து அடித்தளம் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். மணலுக்கும் களிக்கும் சராசரி என்று ஒரு மண் கிடையாது.

ஆறு மணலைக் கொட்டிவிட்டு நகர்ந்துபோகும். அது விட்டுப்போன பள்ளத்தில் சேறு தங்கிக் களியாகும். உங்கள் மேற்கு மூலை அப்படி ஒரு பள்ளமாக இருக்கலாம். அதன் கரை மேற்குச் சுவரோடு நிற்கலாம், நடு ஹாலுக்குக் கீழேயும் போகலாம். ரிப்போர்ட்டில் இரண்டு போரையும் நேர்கோட்டால் இணைத்திருப்பார்கள். அந்தக் கோட்டை வரைந்தது ஸ்கேல்தான். மணல் மேல் நிற்கும் பாதி கட்டும்போதே அமர்ந்துவிடும், களி மேல் நிற்பது வருடக்கணக்கில் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு கிளம்புவது அப்புறம்தான்.

நடுவில் மூன்றாவது போர் போடுங்கள். களியைத் தாண்டிக் கெட்டி மண் வரும்வரை போகட்டும். பிறகு மண் அடுக்குகளின் குறுக்குவெட்டுப் படம் கேளுங்கள், நிச்சயமில்லாத இடத்தில் கேள்விக்குறியோடு. சுரங்கப்பாதைக்கு நிலவியலாளர்கள் நாங்கள் போடும் நிலத்தடிப் படமும் அடிப்படையில் இதேதான். புதுப் போர் வந்தால் படம் மாறும்.

என் கவலையெல்லாம் அந்த ஏற்பாட்டாளர் மேல்தான். ஒருமுறை என்னிடம் வந்த ரிப்போர்ட்டில் பக்கத்தின் தலைப்பில் வேறொருவருடைய மனையின் பெயர் இருந்தது. இரண்டு போரிலும் ஒரே எண்கள், அச்சு மாறாமல். பிளான் அப்ரூவலுக்கு ரிப்போர்ட் 'இணைப்பு' என்று இருந்தால் போதும், உள்ளே புரட்டிப் பார்க்க யாருக்கு நேரம்? மீட்டர் கணக்கில் குறைந்த ரேட் சொன்னவனுக்கே வேலை என்றால் இப்படித்தான் வரும்.

சின்னக் கட்டடத்துக்கு நடுவில் ஒரே போர் போதும் என்று IS 1892 என்ற இந்தியத் தரநிலை 1979-இல் சொன்னது உண்மை. கேப்பர் மலை, கோரிமேடு மாதிரி செம்மண் மேட்டில் நானும் அதை ஒப்புக்கொள்வேன். ஆனால் அங்கேயும் ஒன்று. செம்மண் வெட்டி விற்ற பள்ளத்தை அதே செம்மண்ணால் மூடி மனை போட்டிருந்தால் மேலே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நிறம் ஒன்றே. 4 மீட்டரில் எடுத்த மண் மாதிரியில் செங்கல் துண்டோ பிளாஸ்டிக் கவரோ வந்தால்தான் குட்டு உடையும். ஒருமுறை ரப்பர் செருப்பே வந்தது. பக்கத்து டீக்கடைப் பெரியவரிடம் அங்கே முன்பு பள்ளம் இருந்ததா என்று கேளுங்கள்; செலவில்லாத போர் அது.

போர் போடும் நாளில் நீங்களே நாற்காலி போட்டு உட்காருங்கள். மண் எவ்வளவு கெட்டி என்று பார்க்கத் துளைக்குள் கம்பியை அடித்து இறக்குவார்கள். அதற்கு 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ வேண்டும். கம்பியில் 15 செ.மீ.க்கு ஒன்றாக மூன்று சாக்பீஸ் கோடு இருக்கும். முதல் 15-ஐ விட்டுவிட்டு, அடுத்த 30 செ.மீ. இறங்கச் சுத்தியல் எத்தனை தடவை விழுந்தது என்று எண்ணி உங்கள் நோட்டில் எழுதுங்கள். ரிப்போர்ட் வந்ததும் அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.