சோமாலியாவில் தெருவில் வளரும் பிள்ளைகளை அந்த ஊர் மக்கள் கண்டுகொள்வதே இல்லையா?

"சோமாலியாவில் இத்தனை குழந்தைகள் வீடில்லாமல் தெருவில் கிடக்கிறார்களே, அந்த ஊர்க்காரர்களுக்கு மனசே இல்லையா, நாம் ஏதாவது செய்ய முடியுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். மனசில்லை என்பது சரியில்லை. சொந்தக்காரப் பிள்ளையைக் கைவிடாத சமூகங்களில் அவர்கள் முன்வரிசையில் இருப்பவர்கள். அப்படியிருந்தும் தெருவில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால், அந்தச் சொந்தம் எங்கே அறுந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

நான் கென்யாவின் தலைநகர் நைரோபியில் மருந்து விநியோகக் கம்பெனி ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தேன். ஈஸ்ட்லீ என்ற பகுதிக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். அங்கே முன்பே சோமாலியர்கள் உண்டு, ஆனால் 1991 ஜனவரியில் சோமாலியாவில் சர்வாதிகாரி சியாத் பாரே ஆட்சி கவிழ்ந்து உள்நாட்டுப் போர் பிடித்த பிறகு ஓடி வந்தவர்களால்தான் அது இன்றைக்கு இருக்கிற பெரிய வியாபாரப் பேட்டையாக ஆனது. தெருவில் நடந்தால் ஒரு பக்கம் துணிக்கடை, இன்னொரு பக்கம் ஒட்டகப் பால் விற்கும் பெண்கள், நடுவில் சேறு, அந்தச் சேற்றில் வாயில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கடித்தபடி நிற்கிற பையன்கள். பாட்டிலுக்குள் இருப்பது செருப்பு ஒட்டுகிற பசை, நம்மூரில் சொல்யூஷன் என்போமே அதே வகை. கையால் பிடிக்காமல் பல்லில் கவ்விக்கொண்டே மூட்டை தூக்குவார்கள். பசியும் குளிரும் தெரியாமல் இருக்கத்தான் அது. சோமாலியாவின் தலைநகர் மொகதிஷுவுக்கு நான் போனதில்லை. ஆனால் அங்கேயும் இதே பசை, இதே வயசுப் பிள்ளைகள் என்று அங்கிருந்து வந்த எல்லோரும் சொல்வார்கள். ஷூ பாலிஷ் போடுவது, கார் கழுவுவது, பகாரா சந்தையில் சாமான் சுமப்பது, ராத்திரி கடைத் திண்ணையிலோ மசூதி வாசலிலோ படுப்பது.

அங்கே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்களிடம் சரக்கு எடுக்கும் சோமாலிய மருந்துக்கடைக்காரர் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல், தாடிக்கு மருதாணி போட்டவர். பில் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பையன் வந்து நின்றான், பத்து வயசு இருக்கும். "வர்யா, இங்கே வா" என்று கூப்பிட்டார். சோறு வாங்கிவரச் சொல்லிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி பெயர் இல்லை, ஊர் இல்லை. "நீ யார் பிள்ளை?" பையன் அப்பா பெயர், தாத்தா பெயர், அவருக்கு அப்பா பெயர் என்று ஒரே மூச்சில் ஒப்பிக்க ஆரம்பித்தான். சோமாலியப் பிள்ளைகளுக்குச் சின்ன வயசிலேயே தலைமுறை வரிசையை மனப்பாடம் செய்ய வைப்பார்கள், பாட்டனுக்குப் பாட்டன் பெயர் வரைக்கும் வரும். ஏழாவதோ எட்டாவதோ பெயர் வந்ததும் கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். போனை எடுத்தார். யாரையோ கேட்டார், அவர் இன்னொருவரைக் கேட்டார், நான் டீ குடித்து முடிப்பதற்குள் அந்தப் பையனுக்கு அதே ஈஸ்ட்லீயில் ஒரு பெரியப்பா முறை இருப்பது தெரிந்துவிட்டது. சாயந்தரம் அவர் வந்து கூட்டிப்போனாராம். போலீஸ் இல்லை, காகிதம் இல்லை, தொண்டு நிறுவனம் இல்லை.

பிறகு ஒரு நாள் அதே கடை வாசலில் வேறொரு பையன். இவன் பேசியதைக் கேட்டதுமே கடையிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் பேசியது மாய், தெற்கு சோமாலியாவில் பைடோவா பக்கம் பேசுகிற மொழி, மற்ற சோமாலியர்களுக்கு அது சட்டென்று புரியாது. இவனுக்கும் சோறு வந்தது, டீ வந்தது, ஒரு பழைய ஸ்வெட்டர்கூட வந்தது. ஆனால் யாரும் போனை எடுக்கவில்லை. எடுத்தால் யாருக்குப் பேசுவது? அவர்களுக்குத் தெரிந்த வட்டத்தில் அவன் ஆட்கள் யாரும் இல்லை. சாப்பிட்டுவிட்டுத் தெருவுக்கே போய்விட்டான். கடைக்காரர் கெட்டவர் இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன், அவன் போன பிறகு வெகுநேரம் அவர் பேசவேயில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் கிட்டத்தட்ட இதுதான். சோமாலியாவில் காப்பீடு, ஓய்வூதியம், போலீஸ், கோர்ட் எல்லாமே குலம்தான். யாராவது கொலை செய்துவிட்டால் நஷ்டஈட்டைக்கூடக் குலம் சேர்ந்து கட்டும். வெளிநாட்டில் இருக்கும் சோமாலியர்கள் வருடத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் ஊருக்கு அனுப்புகிறார்கள், அதுவும் இந்த உறவு வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. இலண்டனிலோ மினியாபொலிஸிலோ ஒரு சித்தப்பா இருக்கிற குடும்பம் வறட்சியைத் தாண்டிவிடும். யாருமே வெளிநாடு போகாத குடும்பம் தாண்டாது. நாடாளுமன்ற இடங்களையே நாலரைப் பங்கு என்று பிரித்திருக்கிறார்கள்: நாலு பெரிய குலங்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, மீதி எல்லாச் சிறுபான்மையினருக்கும் சேர்த்து அரைப் பங்கு. ஆற்றோரத்தில் விவசாயம் செய்யும் பாண்டு மக்கள் அந்த அரைக்குள் வருகிறவர்கள். 2011 பஞ்சத்தில் ஏறக்குறைய 2,58,000 பேர் செத்தார்கள், அதில் பாதிக்கு மேல் ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகள். யார் அதிகம் செத்தது என்று பார்த்தால் இந்தப் பாண்டு மக்களும், பைடோவா பக்கத்து ரஹன்வெய்ன் மக்களும். மழை பொய்த்தது ஒரு காரணம்தான். அல் ஷபாப் என்ற ஆயுதக் குழு தன் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் உணவு உதவி நிறுவனங்களைத் தடை செய்திருந்தது, பணம் போனால் அவர்கள் கைக்குப் போய்விடும் என்று அமெரிக்கச் சட்டங்களும் உதவியை இறுக்கின, நடுவில் மாட்டியவர்கள் இவர்கள்.

அப்படி ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பம் மொகதிஷு ஓரத்தில் துணியும் குச்சியும் வைத்துக் குடிசை போடும். அந்த முகாமுக்கு ஒரு "காவல்காரர்" இருப்பார், வருகிற உதவியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். நிலத்துக்கு விலை ஏறினால் ஒரே ராத்திரியில் காலி செய்யச் சொல்வார்கள். 2017 டிசம்பர் கடைசியில் இப்படி 20,000 பேருக்கு மேல் ஒரே வீச்சில் துரத்தப்பட்டார்கள், குடிசைகளை இடித்துத் தள்ளினார்கள். அந்தக் களேபரத்தில், அல்லது அப்பா விட்டுவிட்டுப் போன பிறகு, அல்லது குர்ஆன் பள்ளியில் அடி தாங்காமல், பையன் சந்தைப் பக்கம் போகிறான். முதலில் சாயந்தரம் வீடு திரும்புவான், பிறகு திரும்புவதில்லை.

அவனை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? மூன்று விதமாக. ஒரே ஆள் மூன்றையும் ஒரே நாளில் செய்வதை ஈஸ்ட்லீயில் பார்த்திருக்கிறேன். சோறு கொடுப்பார்கள். அனாதையை ஒடுக்காதே, கேட்டு வருகிறவனை விரட்டாதே என்று குர்ஆனில் நேராகவே இருக்கிறது, அது அங்கே வெறும் வசனம் இல்லை, சாப்பாட்டுக்கடைகளில் மிச்சச் சோற்றைத் தனியாக எடுத்துவைக்கிற பழக்கமாகவே இருக்கிறது. பயப்படுவார்கள். மொகதிஷுவில் கத்தியோடு திரிந்து போனைப் பறிக்கும் இளைஞர் கும்பல்கள் வந்த பிறகு தெருப்பையன் எல்லோரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். போதாததற்கு அல் ஷபாப் பிள்ளைகளை ஆள் பிடிக்கிறது, ஐ.நா. அறிக்கைகளில் சிறார்களைச் சண்டைக்குச் சேர்ப்பதில் சோமாலியா வருடா வருடம் மேலே இருக்கிறது. 2017 அக்டோபரில் ஸோபே சந்திப்பில் லாரி குண்டு வெடித்து 500 பேருக்கு மேல் செத்த ஊர் அது, அங்கே முன்பின் தெரியாத பையன் பக்கத்தில் வந்தால் உடம்பு தானாகப் பின்வாங்கும், அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது, பழகிப்போய்க் கடந்துபோவார்கள்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல் உண்டு. சோமாலியாவில் சில்லறை என்பதே கிட்டத்தட்ட இல்லை. புழக்கத்தில் இருக்கும் ஆயிரம் ஷில்லிங் நோட்டு கந்தலாகிப்போனது, சில சென்ட்தான் பெறும், அதிலும் பெரும்பகுதி கள்ள அச்சு. டீக்குக்கூட ஈ.வி.சி. பிளஸ் என்ற மொபைல் பணத்தில் டாலராகக் கட்டுகிறார்கள். சரி, போன் இல்லாத பத்து வயசுப் பையனுக்கு எதில் போடுவது? இரக்கம் இருக்கிறவன் பாக்கெட்டிலும் கொடுக்க ஒன்றும் இருக்காது.

இந்தப் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவர்களும் அதே மொகதிஷுவில் உண்டு. எல்மான் அலி அகமது என்ற தொழிலதிபர், போர் உச்சத்தில் இருந்தபோது, துப்பாக்கி தூக்கிய பையன்களையும் தெருப்பையன்களையும் கூப்பிட்டு மின்சார வேலை, மெக்கானிக் வேலை கற்றுக்கொடுத்தார். "துப்பாக்கியைக் கீழே போடு, பேனாவை எடு" என்பது அவர் முழக்கம். 1996-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மகள்களோடு கனடாவுக்குப் போயிருந்த மனைவி ஃபர்தூன் ஆதன் பிற்பாடு மொகதிஷுவுக்கே திரும்பி வந்து அந்த வேலையைத் தொடர்ந்தார், மகள் இல்வாத் கூடச் சேர்ந்தார். இன்னொரு மகள் அல்மாஸ் 2019 நவம்பரில் அதே ஊரில் குண்டு பாய்ந்து இறந்தார். அதற்குப் பிறகும் எல்மான் பெயரில் அவர்கள் நடத்தும் மையம் நடக்கிறது. இதைப் படித்த பிறகும் "அவங்களுக்கு மனசே இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

நம் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒல்லியாக இருக்கிற பையனை "சோமாலியா" என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். கழுகு உட்கார்ந்திருக்க, குழந்தை குனிந்து கிடக்கும் அந்தப் படம் வாட்ஸப்பில் இன்றும் சோமாலியா என்ற பெயரில் வருகிறது, அது 1993-ல் சூடானில் எடுத்தது. படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. தெருப்பிள்ளைகளின் முகம் தெரிகிற படங்களைப் பகிராதீர்கள், நாளைக்கு அவனும் வேலை தேடி, பெண் கேட்டுப் போக வேண்டியவன்.

உதவ வேண்டும் என்றால், புதிதாக அனாதை இல்லம் கட்டுகிறோம் என்று வருகிறவர்களுக்கு நான் கொடுக்க மாட்டேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எங்கோ ஒரு தாயோ அத்தையோ இருக்கிறாள், அவளைக் கண்டுபிடித்துச் சேர்த்துவைத்து, சேர்த்த பிறகும் போய்ப் பார்க்கிற வேலைக்குத்தான் பணம் வேண்டும். யூனிசெஃப், எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம் மாதிரி அங்கே பல வருடமாக இருப்பவர்களிடம் அந்த வேலைக்கென்றே கேட்டுக் கொடுங்கள்.

அப்புறம், காலம் முக்கியம். சோமாலியாவில் 2022-ல் பஞ்சம் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கவே இல்லை, ஆனால் அந்த ஒரு வருடத்தில் வறட்சியால் 43,000 பேர் கூடுதலாகச் செத்திருக்கலாம் என்று அடுத்த வருடம் கணக்குப் போட்டார்கள், அதிலும் பாதி சின்னப் பிள்ளைகள். அங்கே ஏப்ரலில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. ஏப்ரல் மழை பொய்த்தது என்று செய்தி வந்தால் மே மாதமே அனுப்பிவிடுங்கள், எலும்பும் தோலுமான படம் டிவியில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போது அந்த உதவியில் ஒரு பகுதி தாயின் போனுக்கே பணமாகப் போகிறது. அதை வைத்துத் தண்ணீரும் ஆட்டுக்குத் தீவனமும் வாங்கி அவள் ஊரிலேயே இருந்துவிட்டால், பையன் மொகதிஷுவுக்கு லாரி ஏற வேண்டியிருக்காது.