லாரி ஆபீஸில் யார் எதைத் தொடலாம்?

கேள்வி: நாமக்கல்லில் 30 லாரி ஓட்டுகிறோம். ஜி.பி.எஸ்., டீசல், டிரிப் கணக்கு எல்லாம் இப்போது ஒரே சாஃப்ட்வேரில். ஆனால் மேனேஜர், கணக்கு பார்ப்பவர், லோடு சூப்பர்வைசர், மெக்கானிக் என எல்லாரும் என் ஐடியில்தான் நுழைகிறார்கள். போன மாதம் ஒரு டீசல் பதிவு மாறியிருந்தது. மாற்றியது யாரென்று தெரியவில்லை. யாருக்கு எவ்வளவு அனுமதி கொடுக்கலாம்?

பதில்: முதலில் ஆளுக்கொரு ஐடி போட்டுவிடுங்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற ஆடிட் லாக் உங்கள் சாஃப்ட்வேரிலும் அநேகமாக இருக்கும். எல்லாரும் உங்கள் ஐடியில் நுழைந்தால் அதில் எந்த வரியைப் பார்த்தாலும் உங்கள் பெயர்தான் இருக்கும்.

விற்றவர்கள் 'அட்மின், மேனேஜர், யூசர்' என்று தயாராக வைத்திருக்கும் வகைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்ப்பது, பதிவது, திருத்துவது, அழிப்பது, எக்செல்லில் இறக்கிக்கொள்வது என ஒவ்வொன்றையும் தனித்தனியாக யோசியுங்கள்.

உங்கள் டீசல் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது, 720 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றால் 180 லிட்டர் போயிருக்க வேண்டும். பில் 200 லிட்டருக்கு வந்தால் மைலேஜ் இடிக்கும், நீங்களும் கேட்பீர்கள். ஆனால் பில்லைப் பதிகிறவரே ஓடோமீட்டர் எண்ணையும் திருத்த முடிந்தால், 80 கிலோமீட்டரைக் கூட்டிவிட்டால் போதும்: 800-க்கு 200, மைலேஜ் அதே 4. ரிப்போர்ட்டில் ஒரு குறையும் தெரியாது. அதனால் லிட்டரைப் பதிகிறவர் கையில் கிலோமீட்டரைத் தராதீர்கள், அது ஜி.பி.எஸ்.ஸிலிருந்து தானாக வரட்டும். சூப்பர்வைசர் பில்லைப் போட்டோவுடன் ஏற்றட்டும், கணக்கு பார்ப்பவர் ஒப்புதல் கொடுக்கட்டும். ஒப்புதலான பதிவைத் திருத்துவது உங்களிடம் மட்டும் இருக்கட்டும். அழிக்கும் அனுமதி யாருக்குமே தேவையில்லை. தப்பான பதிவை 'ரத்து' என்று குறித்தால் போதும்.

மெக்கானிக்குக்கு சர்வீஸ், டயர், ஸ்பேர் பக்கங்கள் போதும். டிரைவருக்கு அவருடைய டிரிப், பேட்டா, ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்கள் தெரிந்தால் சரி. வாடகை தெரிய வேண்டியதில்லை. டிரைவர்களின் ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களைக் கணக்கு பார்ப்பவர் தவிர வேறு யாருக்கும் திறக்காதீர்கள். தனிநபர் தரவுக்கென்று 2023-லேயே சட்டம் வந்துவிட்டது.

சரக்கு அனுப்பும் கம்பெனி 'லைவ் லொகேஷன் கொடுங்கள்' என்று கேட்டால் ஐடி தராதீர்கள். அந்த வண்டிக்கு மட்டும், லோடு இறங்கியதும் காலாவதியாகும் லிங்க் அனுப்புங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டி அடுத்து யாருக்கு லோடு ஏற்றுகிறது என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்ட்டி (லோடு கொடுப்பவர்கள்) பட்டியலும் வாடகை விவரமும் இறக்கிக்கொள்ளும் அனுமதி மேனேஜருக்கு அவசியம்தானா என்றும் யோசியுங்கள். அவர் நாளைக்கே தனியாக புக்கிங் ஆபீஸ் போட்டால், முதல் நாளே அவருக்கு அது கைகொடுக்கும்.

தூரத்திலிருந்து இன்ஜினை நிறுத்தும் வசதி இருந்தால் அதை உங்களோடும் இன்னொருவரோடும் நிறுத்துங்கள். ஓடும் வண்டியில் அழுத்தினால் பவர் ஸ்டீயரிங் கனத்துப்போகும், பிரேக்குக்கான ஏர் டேங்குக்குப் புதிதாகக் காற்று ஏறாது. வண்டி நிற்கும்போது மட்டும் வேலை செய்யும்படி அமைக்க முடியுமா என்று விற்றவர்களிடம் கேளுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டியும் வைக்காதீர்கள். சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. ஆன்லைன் சீட்டான இ-வே பில், சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடியாகும். நீட்டிப்பதென்றால் முடியும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். நள்ளிரவில் வண்டி பிரேக்டவுன் ஆகி சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் இ-வே பில்லில் வண்டி எண்ணையும் மாற்ற வேண்டும். இரவு டியூட்டி ஆளுக்கு இதற்கான அனுமதி இல்லையென்றால் உங்களைத்தான் எழுப்புவார். நாலு நாள் எழுந்து பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் நீங்களே பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவீர்கள். இ-வே பில் தளத்திலேயே துணைப் பயனர் ஐடி உருவாக்கலாம். அவருக்கு அங்கேயும் ஒன்று போட்டுக் கொடுங்கள்.

அப்புறம், ஐடிகளை ஆபீஸ் சிம் எண்களோடு இணைத்துவிடுங்கள். ஆள் வேலையை விட்டால் ஐடியை முடக்குங்கள், நீக்க வேண்டாம். சில சாஃப்ட்வேரில் நீக்கினால் பழைய பதிவுகளில் அவர் பெயரும் போய்விடும். எல்லாம் அமைத்த பிறகு ஒவ்வொரு ஐடியிலும் நீங்களே ஒருமுறை நுழைந்து, ரிப்போர்ட் பக்கத்தையும் திறந்து பாருங்கள். மெனுவில் மறைத்த வாடகை சில நேரம் அங்கே அப்படியே நிற்கும்.