பண்டிகையில் ஏலம், நாலாம் மாதம் கைமாற்று

கேள்வி: அக்கா, எங்களுடையது தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. பாதிப்பேர் உப்பளத்து வேலைக்குப் போகிறவர்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடும்போது ஒற்றை எலுமிச்சம்பழம் ஐயாயிரம் ரூபாய்க்குப் போகிறது. ஆனால் பண்டிகை முடிந்த நாலாம் மாதம் கரண்ட் பில் கட்டவே கைமாற்று வாங்குகிறோம். வருடம் முழுக்க ஜனங்கள் மனதாரக் கொடுக்க என்ன வழி?
– சபைக் கமிட்டி உறுப்பினர்

பதில்: தம்பி, அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தது யார் என்று ஏல நோட்டைப் புரட்டிப் பாருங்கள். சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருப்பவர்கள், துபாயிலிருந்து லீவில் வந்தவர்கள் பெயர்தான் வரிசையாக இருக்கும். ஊர்ப்பாசத்தில் கொடுக்கிறார்கள், நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் வருடம் முழுக்க அந்த ஆலயத்து மணிச் சத்தத்தில் எழுந்திருக்கிற குடும்பங்கள் அன்றைக்குப் பந்தலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கின்றன. ஐயாயிரம், ஆறாயிரம் என்று ஏறுகிற இடத்தில் உப்பு வாருகிற அம்மா நூறு ரூபாயை எப்படி நீட்டுவாள்? கொடுப்பதென்றால் வசதி உள்ளவர்கள் பண்டிகையில் செய்கிற காரியம் என்று சபையே அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

அவர்களுக்குக் கொடுக்க மனமில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்துச் சபைகளின் சரித்திரம் அப்படி இல்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, அயல்நாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், நம் ஆட்களை நம் காணிக்கையிலேயே அனுப்புவோம் என்று துணிந்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதில் முன்நின்றவர். திருநெல்வேலிச் சபைகள் கொடுத்த காசில்தான் ஹைதராபாத் நிஜாம் சீமையில் இருந்த டோர்னக்கல்லுக்கு ஊழியர்கள் போனார்கள். பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்திருந்த சபைகள் அவை. அவர்கள் பேரப்பிள்ளைகள்தானே இப்போது உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்!

சரி, காரியத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் வருமானம் எந்த மாதம் வருகிறது, எந்த மாதம் நிற்கிறது என்று கமிட்டியில் ஒருமுறை எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? மழை தொடங்கினால் உப்பளம் நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத் தொழிலாளிக்கு வேலை இல்லை என்று அரசே 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. அந்த நேரத்தில், சபையார் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கை பாக்கி என்று நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுவாசலில் போய் நிற்பது நியாயமா? வாரத்தின் முதல் நாளில் சேர்த்துவைக்கச் சொன்ன பவுல் அப்போஸ்தலன், வேதத்தில் அதே வசனத்தில் "தன்தன் வரவுக்குத் தக்கதாக" என்றும் எழுதியிருக்கிறார். வேலை இருக்கிற மாதங்களில் வாரக்கூலி வாங்கியதும் கொஞ்சம் எடுத்துவைக்கப் பழக்குங்கள். இருபது ரூபாய் என்றால் இருபது ரூபாய். மழை மாதங்களில் சபை அவர்கள் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் கொண்டுபோகட்டும். வாங்குகிற சபையாக மட்டும் பார்த்தவர்கள் கொடுக்கிற சபையாகவும் பார்க்கட்டும். நான் பொருளாளராக இருந்த சேகரத்தில் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின் தொகுப்பு) இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு, ஜனவரியில் உப்பளம் திறந்ததும் கேட்காமலே கவரைக் கொண்டுவந்தவர்கள் உண்டு.

அடுத்தது கணக்கு. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரி (ஆலயத்தை ஒட்டிய அறை) மேஜையில் காணிக்கைப் பையைக் கொட்டினால் என்னென்ன விழும் என்று உங்களுக்குத் தெரியும். எட்டாக மடித்த பத்து ரூபாய் நோட்டு, உப்பு ஈரத்தில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட நோட்டுகள், பிள்ளைகள் போட்ட ஒற்றை ரூபாய்கள். அதைப் பிரித்து, நீவி, அடுக்கி எண்ணும்போது ஒருவர் மட்டும் இருக்கக்கூடாது. இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கமிட்டிக்கு வெளியே உள்ளவராக, முடிந்தால் ஒரு பெண்ணாக இருக்கட்டும். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தையே பவுல் தனியாளாகக் கையாளவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது என்று, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனையும் சேர்த்துக்கொண்டார். (2 கொரிந்தியர் 8-ஐ வாசித்துப் பாருங்கள்.)

அப்புறம் மாதக் கடைசி ஞாயிறு, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஆலய வாசலில் ஒட்டுங்கள். கரண்ட் பில், சபை ஊழியர் சம்பளம், சேகரத்துக்குக் கட்டியது, விதவைகளுக்குக் கொடுத்தது என்று தனித்தனியாக இருக்க வேண்டும். "இதர செலவு" என்ற வரி பெரிதாக இருந்தால் அந்தத் தாளால் பயன் இல்லை. தான் போட்ட இருபது ரூபாய் மைக் செட்டுக்கும் மருந்துச் சீட்டுக்கும் போனது தெரிந்தால், அடுத்த வாரம் போட யாரும் தூண்ட வேண்டியதில்லை. ஆனால் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் வாசிக்கவே வாசிக்காதீர்கள். பெயர் வராதவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏலத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது சந்தோஷம். ஏலம் எடுத்தவர்கள் ஊருக்குத் திரும்பும் முன்பே பேசுங்கள்: "அண்ணாச்சி, இந்த ஐயாயிரத்தோடு மாதம் முந்நூறு அனுப்பினால் கரண்ட் பில்லுக்கு ஆகும்." ஆலயத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். பொருளாளரின் சொந்த ஜிபே நம்பரைக் கொடுக்கவே கூடாது.

கேள்வி: எங்கள் பாட்டி காலத்துப் பிடியரிசிக் காணிக்கையைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மறுபடி தொடங்க ஆசை. இந்தக் காலத்துக்குச் சரிப்படுமா அக்கா?
– ஒரு சங்கச் செயலாளர், நாசரேத் பக்கம்

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் நூறு வருடத்துக்கும் மேலாக, உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்துவைக்கிறார்கள். சபை அதைச் சேர்த்து விற்று ஊழியத்துக்குச் செலவிடுகிறது. பணம் கையில் புழங்காத வீட்டிலும் அரிசிப் பானை அம்மா கையில்தான் இருந்தது. அதனால் அது முழுக்க முழுக்க அவள் கொடுத்த காணிக்கை.

இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். ரேஷன் அரிசி கலந்து வரும், அதை விற்கக்கூடாது, சட்டப்படி தப்பு. விற்க நினைக்காமல், தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் சமைத்துக் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள். பச்சரிசிக்கு ஒரு சாக்கு, புழுங்கலுக்கு ஒரு சாக்கு, ரேஷனுக்கு ஒரு சாக்கு என்று சேர்க்கும்போதே பிரித்துவிடுங்கள். கலந்துவிட்டால் ஒன்று குழையும்போது மற்றொன்று வேகாமல் நிற்கும், யாருக்கும் சாப்பிட முடியாது. டப்பாவிலிருந்து பிடியை அள்ளும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் பத்துப் பாடம் நடத்துவதைவிட அது நன்றாகப் பதியும். சமைக்கிற அன்று அவர்களையும் தூக்குவாளியோடு முதியவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: மகள் கல்யாணக் கடன் கழுத்தை நெரிக்கிறது. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காததால்தான் கடன் தீரவில்லை என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். தூக்கமே இல்லை.
– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: அவர் சொன்னதை மனதிலிருந்து எடுத்துப்போடுங்கள் அம்மா. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" என்றுதான் வேதத்தில் இருக்கிறது. பயமுறுத்தி வாங்குகிற பணத்துக்குக் காணிக்கை என்று பெயர் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். கடன் தீரும்வரை வாரம் பத்து ரூபாய் என்று நியமித்துக்கொண்டாலும் போதும். கையில் காசில்லாத வாரம் ஆலயம் பெருக்கப் போனால் அதுவும் காணிக்கைதான்.

கடன் யாரிடம், என்ன வட்டி என்று எனக்கு எழுதுங்கள். கந்துவட்டி என்றால் 2003-லிருந்து தமிழ்நாட்டில் அதற்குத் தடைச் சட்டம் இருக்கிறது. வட்டிக்காரரிடம் நகை இருந்தால் அதை மீட்டுக் கூட்டுறவு வங்கிக் கடனுக்கு மாற்ற வழி உண்டா என்று சேர்ந்து பார்ப்போம்.