கண்ணாடித் தொழிற்சாலைகளில் சிறுவர்களை ஏன் வேலைக்கு வைத்தார்கள்? அது எப்படி நின்றது?

அமெரிக்காவைப் பற்றிச் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் பாட்டில்களை ஆட்கள் வாயால் ஊதித்தான் செய்தார்கள். ஊதுபவர் தேர்ந்த தொழிலாளி; அவரைச் சுற்றி ஓடியாட மலிவான கைகள் தேவைப்பட்டன. ஒரு பையன் உலைக்குப் பக்கத்தில் குந்தி அச்சைத் திறந்து மூடுவான். இன்னொருவன் சூடான பாட்டிலை ஆறவைக்கும் சூளைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான், அதுவும் ஷிப்ட் முடியும்வரை. உலையை அணைக்க முடியாது என்பதால் இரவு வேலையும் உண்டு. புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1908-ல் இந்தியானாவில் நள்ளிரவில் எடுத்த படங்களைப் பாருங்கள், புரியும்.

சட்டம் தடுமாறியது. 14 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைத்த ஆலைகளின் சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்ப 1916-ல் விதித்த தடையை, 1918-ல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. நிலையான கூட்டாட்சிச் சட்டம் 1938-ல்தான் வந்தது.

அதற்குள் இயந்திரம் முந்திக்கொண்டது என்பேன். மைக்கேல் ஓவன்ஸ் 1903 வாக்கில் உருவாக்கிய தானியங்கிப் பாட்டில் இயந்திரம் பரவப் பரவ, ஊதுபவருக்கும் வேலையில்லை, எடுபிடிப் பையனுக்கும் வேலையில்லை. அந்த ஓவன்ஸே 10 வயதில் கண்ணாடி ஆலைக்கு வேலைக்குப் போனவர்தான்.