உங்க கடைக்கு எந்த இலை? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல முக்காவாசி ஒரே விஷயம்தான். வீட்ல இருந்தும் சின்ன கடை வச்சும் தொழில் பண்றவங்க, லோகோவுக்கு இலை போடலாமா, பூ போடலாமா, பறவை போடலாமான்னு கேட்டிருக்கீங்க. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால முதல் கேள்விக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளமாவே போயிடுச்சு.

அக்கா, நாங்க திருச்செந்தூர் பக்கம் வீட்லயே கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி போட்டு விக்கோம். ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட பனைமரம் வச்சு லோகோ பண்ணித் தரச் சொன்னேன். வந்ததைப் பாத்துட்டு எங்க மாமியார், "இது தென்னைல்லா, இதைப் போட்டா கருப்பட்டி விப்ப?"ன்னு கேக்காங்க. வீட்டுக்காரரு, "அதெல்லாம் யாரு பாக்கப் போறா"ங்காரு. யாரு சொல்லது சரி?
– ஒரு வாசகி, திருச்செந்தூர் பக்கம்

உங்க மாமியார் சொல்றதுதான் சரி, நூத்துக்கு நூறு சரி. நீங்க அனுப்பின படத்தை நானும் பாத்தேன். மரம் சாஞ்சு நிக்குது, ஓலை இறகு மாதிரி ரெண்டு பக்கமும் கீத்து கீத்தா தொங்குது, பின்னாடி ஒரு சூரியன் வேற. அது கடற்கரை ரிசார்ட்டுக்கு வரைஞ்ச மரம். டிசைனர் ஸ்டாக் படம் விக்கிற சைட்ல 'பாம் ட்ரீ'ன்னு தேடியிருப்பாரு, அங்க தென்னை, ஈச்சை, பனை எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தைதான், முதல்ல வர்றது தென்னைதான். அவர் மேல தப்புன்னு நான் சொல்லல, அவர் வடலிக்காட்டுப் பக்கம் (வடலின்னா இளம் பனை) போயிருக்க மாட்டாரு, அவ்வளவுதான். ஆனா உங்ககிட்ட கருப்பட்டி வாங்கறவங்க போயிருப்பாங்க. அவங்களுக்கு ஒரு செகண்ட்ல தெரிஞ்சிடும், 'இவங்களுக்கே பனை எதுன்னு தெரியல, கருப்பட்டில சீனி கலக்காமலா இருப்பாங்க'ன்னு மனசுல ஒரு சந்தேகம் வந்துட்டா அப்புறம் அதைத் துடைக்கவே முடியாது. கலப்படம் பத்தி இவ்வளவு பேச்சு இருக்கிற பொருள்ல இது சின்ன விஷயம் இல்லம்மா.

சரி, என்ன பண்ணலாம்? முழு மரம் வேணாம். பனை ஒசரமான மரம், வாட்ஸ்அப் டிபி சைஸுக்கு சுருக்கினா தீக்குச்சி மாதிரிதான் தெரியும். ஒரே ஒரு ஓலை எடுத்துக்கங்க. பனை ஓலை விசிறி மாதிரி விரியறது, மடிப்பு மடிப்பா ஒரு புள்ளில இருந்து கிளம்பி நுனில பிரிஞ்சு நிக்குமே, அது இயற்கையாவே ஒரு வட்டத்துக்குள்ள உக்காரும், ஸ்டிக்கரா இருந்தாலும் டப்பா மூடியா இருந்தாலும் பொருந்தும். நாளைக்குக் காலைல கைக்கு எட்டுற ஒரு வடலில ஓலை ஒண்ணு வெட்டிட்டு வாங்க, வெள்ளை வேட்டி விரிச்சு அதுமேல வச்சு, நேர் மேல இருந்து போன்ல படம் எடுங்க, அதை பிரின்ட் எடுத்து ட்ரேஸிங் பேப்பர் வச்சு வரையுங்க. நிஜ ஓலைல மடிப்பு எக்கச்சக்கமா இருக்கும், நீங்க ஒரு 9, 11 போட்டா போதும், கண்ணு மிச்சத்தை தானா நிரப்பிக்கும்.

அப்புறம் மட்டை. பனை மட்டையோட ரெண்டு ஓரத்துலயும் ரம்பம் மாதிரி கருக்கு இருக்கும் பாருங்க, அந்தக் கருக்கையே லேபிளோட ஓரத்துக்கு பார்டரா ஓட்டலாம். எனக்குத் தெரிஞ்சு எந்த ஸ்டாக் சைட்லயும் அப்படி ஒரு பார்டர் கிடைக்காது, கருக்கு கிழிச்ச கைக்குத்தான் அது தோணும். பனை ஓலைப் பெட்டி முடையற பின்னலை டப்பாவைச் சுத்தி பேட்டர்னா போடலாம். நுங்கு கூட அழகுதான், ஒரு வட்டத்துக்குள்ள மூணு கண்ணு, இதைவிட சுத்தமான லோகோ ஒருத்தரும் யோசிச்சு வரைய முடியாது, ஆனா அதைப் பாத்தா நுங்குக் கடைன்னு நினைப்பாங்க, உங்களுக்கு வேணாம். நிறத்துக்கு எங்கயும் தேட வேணாம். சிரட்டைல ஊத்தி எடுத்த கருப்பட்டி ஒண்ணை பக்கத்துல வச்சுக்கங்க, அந்தக் கரும்பழுப்பு ஒரே கலர் போதும். பச்சை வேணவே வேணாம். ஒரு கலர்ங்கறதால ஸ்க்ரீன் பிரின்ட்டிங்லயும் செலவு குறையும்.

வரையறதுக்கு மாதிரி வேணும்னா இன்னொரு வழி. 1795ல இருந்து ராக்ஸ்பர்க்ங்கற தாவரவியல் ஆளு சோழமண்டலக் கரைச் செடிகளை 300 படமா வெளியிட்டாரு, வரைஞ்சவங்க நம்ம நாட்டு ஓவியர்கள்தான். அதுல பனையும் இருக்கு. காப்புரிமை காலம் எப்பவோ முடிஞ்சது, பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரிங்கற இணைய நூலகத்துல இந்த மாதிரி பழைய தாவரப் புத்தகங்களோட ஸ்கேன் இலவசமா கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பேர்ல 'உடன்குடி'ன்னு சேக்கற ஐடியா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைச்சாச்சு. அந்த வட்டாரத்துல உற்பத்தி பண்றவங்க அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா பதிவு பண்ணிக்கிட்டு பயன்படுத்தணும். சென்னை கிண்டில இருக்கிற புவிசார் குறியீட்டுப் பதிவகத்துல விசாரிச்சுட்டு அப்புறம் பேரு வைங்க.

மேடம், கொடைக்கானல்ல மூலிகை டீ பவுடர் போடறோம். பாக்கெட்ல செங்காந்தள் பூ போடலாம்னு ஆசை, நம்ம மாநில மலர், பாக்கவும் நெருப்பு மாதிரி இருக்கும். எப்படி?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

தம்பி, தயவுசெஞ்சு வேணாம். செங்காந்தள் செடி முழுக்க விஷம், கிழங்கு ரொம்ப மோசம். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்குன்னு ஊர்ல சொல்றது இதைத்தான். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் மருந்து கம்பெனிக்காக விதைக்குன்னே பயிர் பண்றாங்க, அதுல இருந்து எடுக்கிற கோல்ச்சிசின் சரியான அளவுல மருந்து, அளவு தாண்டினா உயிருக்கே ஆபத்து. குடிக்கிற பொருளோட பாக்கெட்ல ஒரு செடி படம் இருந்தா உள்ள அதுதான் இருக்குன்னு ஜனங்க நினைப்பாங்க, அது நியாயமும்தான். உங்க டீல என்ன போடறீங்களோ அதை வரையுங்க, துளசியா எலுமிச்சைப்புல்லா, எதுவோ அது.

ஆனா இந்தப் பூவை விட்டுட மனசு வரல, அதனால மத்தவங்களுக்காக ஒரு வார்த்தை. துணிக்கடை, நகைக்கடை, பொட்டிக் வச்சிருக்கவங்க எடுத்துக்கலாம். இதழ் விரியும்போது பச்சையும் மஞ்சளுமா இருந்து ஆரஞ்சாகி கடைசில ரத்தச்சிவப்பா மாறும், ஒரே பூவுல உங்களுக்கு முழு கலர் பேலட்டும் கிடைச்சிடும். இலை நுனி சுருண்டு பக்கத்துக் கொம்பைப் பிடிச்சுக்கும், அந்தச் சுருளை எழுத்தோட வால்ல கொண்டு வந்தா அவ்வளவு அழகா இருக்கும்.

அக்கா, வேப்பிலை சோப் பண்றேன், பேரும் 'வேப்பிலை'தான். கேன்வாங்கற டிசைன் ஆப்ல இருந்த ஒரு இலைப் படத்தை எடுத்து லோகோ ஆக்கிட்டேன். இப்ப அதே இலை எங்க ஊர்லயே இன்னொரு எண்ணெய்க் கடை போர்டுல இருக்கு! ட்ரேட்மார்க் வாங்கினா அவங்களை நிறுத்தலாமா?
– ஒரு வாசகி, கோவை

நிறுத்த முடியாதும்மா, ரெண்டு காரணம். கேன்வால இருக்கிற ஸ்டாக் படங்களை உங்களைப் போலவே யார் வேணா எடுத்துக்கலாம், அதை ட்ரேட்மார்க்கா பதிவு பண்ணக்கூடாதுன்னு அவங்க உரிமத்துலயே போட்டிருக்காங்க. ஃபான்ட், கோடு, வட்டம், சதுரம் மாதிரி அடிப்படை வடிவங்களை வச்சு நீங்களா கட்டினா பரவால்ல. அடுத்தது பேரு. வேப்பிலை சோப்புக்கு வேப்பிலைன்னு பேர் வச்சா அது பொருளை விவரிக்கிற சொல்லு. 1999 ட்ரேட்மார்க் சட்டத்துல 9வது பிரிவு அந்த மாதிரி சொல்லுக்கு தனி உரிமை தர்றதில்ல, மத்த வேப்பிலை சோப்புக்காரங்களும் அந்த வார்த்தையைச் சொல்லியாகணுமே.

அதனால பேரை ஒரு அடி தள்ளி யோசிங்க. வேப்பமரத்துல வந்து உக்கார்ற பறவை, வேப்பம்பூ உதிர்ற மாசம், உங்க வீட்டு வாசல்னு எவ்வளவோ இருக்கு. ஒரு பழைய கதை சொல்றேன், ஷெல் பெட்ரோல் கம்பெனி தெரியும்ல, அதை ஆரம்பிச்ச குடும்பம் லண்டன்ல சிப்பி, சங்கு வித்துட்டு இருந்தவங்க. தொழில் எண்ணெய்க்கு மாறியும் சிப்பியை விடல, 1904ல இருந்து இன்னிக்கு வரைக்கும் அதுதான் லோகோ. சிப்பிக்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தம் இல்லாததாலதான் சட்டப்படியும் அது கெட்டியான சின்னம்.

ட்ரேட்மார்க் விண்ணப்பத்தை தனிநபரோ சின்ன தொழிலோ ஆன்லைன்ல போட்டா ஒரு வகுப்புக்கு (அதாவது ஒரு பொருள் வகைக்கு) 4,500 ரூபா கட்டணம், சோப்புக்கு 3ஆம் வகுப்பு, கிடைச்சா 10 வருஷம், அப்புறம் புதுப்பிச்சுக்கலாம். பேருக்குப் பக்கத்துல டிஎம் (ட்ரேட்மார்க்)னு இப்பவே போட்டுக்கலாம், வட்டத்துக்குள்ள ஆர் மட்டும் பதிவாகறதுக்கு முன்னாடி போட்டா குற்றம். அப்புறம் இது முக்கியம், வெளியாள் ஒருத்தர்கிட்ட காசு கொடுத்து லோகோ வாங்கினா படம் தானா உங்களோடது ஆயிடாது, வரைஞ்சவர்தான் உரிமையாளர். உரிமையை எழுத்துல உங்க பேருக்கு மாத்தி வாங்கணும். அந்தத் தாள்ல காலம் குறிப்பிடலன்னா சட்டம் அதை 5 வருஷம்னுதான் எடுத்துக்கும், அதனால 'காப்புரிமைக் காலம் முழுசும்'னு எழுதச் சொல்லுங்க. கூடவே எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாத சிடிஆர் இல்லன்னா எஸ்விஜி ஃபைலும் கேட்டு வாங்கிடுங்க, ஜேபிஜி மட்டும் கொடுத்தா நாளைக்கு போர்டு அடிக்கும்போது பொட்டு பொட்டா உடையும்.

பாரம்பரிய அரிசி விக்கிறோம். லோகோல பச்சை இலை, கீழ 'ஆர்கானிக்', 'இயற்கை'ன்னு போடலாமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

இலை போட யார் அனுமதியும் வேணாம், ஆனா 'ஆர்கானிக்'ங்கறது டிசைன் கிடையாது, உறுதிமொழி. அரசு ஏத்துக்கிற ஆர்கானிக் சான்றான என்பிஓபி இல்லன்னா பிஜிஎஸ் இருக்கணும், பேக் பண்ணி கடைகளுக்கு அனுப்பறப்ப உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்ற ஆர்கானிக் முத்திரையும் வரணும், நேரடியா விக்கிற சின்ன விவசாயிகளுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. 'இயற்கை', 'தூய', 'பாரம்பரிய'ங்கற வார்த்தைகளுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2018 விதில வரம்பு இருக்கு. இன்னொன்னு, சைவக் குறியான அந்தப் பச்சை வட்டத்தைச் சிலர் இலையா மாத்தி வரையறாங்க, அதைத் தொடவே கூடாது.

நான் கேக்கறது என்னன்னா, அரிசிக்கு ஏன் பச்சை இலை? மாப்பிள்ளைச் சம்பா சிவப்பு, கருப்புக் கவுனி கருப்பு, உங்க சாக்குலயே இவ்வளவு நிறம் இருக்கும்போது எல்லாரும் போடற அந்த ரெண்டு இலையைப் போட்டு அலமாரில மறைஞ்சு போறீங்களே. ஒவ்வொரு ரகத்துக்கும் அந்த அரிசியோட நிறத்துல லேபிள், எல்லாத்துலயும் ஒரே நெற்கதிர். கதிரையும் உங்க வயல்லயே பாத்து வரையுங்க, சில ரகத்துல நெல்மணிக்கு நீளமா வால் இருக்கும், சிலதுல இருக்காது, அந்த வித்தியாசம் தெரிஞ்சு வாங்கற ஆளுங்கதான் உங்க வாடிக்கையாளர்.

எங்க பட்டுக் கடைக்கு மயில் லோகோ, தோகை முழுக்க 14 கலர். கம்ப்யூட்டர்ல பிரமாதம், பில் புக்ல கறுப்புத் திட்டா வருது. என்ன செய்யறது?
– ஒரு வாசகர், ஆரணி

சார், இதுக்கு பதில் உங்க கடை அலமாரிலயே இருக்கு. நம்ம நெசவாளர் புடவைல மயில்கண் போடும்போது முழு மயிலையா போடறாங்க? தோகையோட ஒரு கண்ணை எடுத்து, அதையும் தறில வர்ற மாதிரி சின்ன வடிவமா ஆக்கி நெய்யறாங்க, பாத்ததும் மயில்னு தெரியுது. ருத்ராட்சம், மாங்காய் எல்லாம் அப்படி வந்ததுதான். தறிக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு, அந்தக் கட்டுப்பாடுதான் வடிவத்தைச் சுத்தமாக்குது. உலக வனவிலங்கு நிதியம் 1961ல பாண்டாவை எடுத்ததுக்கும் ஒரு காரணம் அது கறுப்பு வெள்ளைல நல்லா தெரியும், அச்சுச் செலவு மிச்சம்ங்கறதுதான். உங்க மயிலையும் ஒரு கண்ணாக்குங்க. வரைஞ்சதும் நேரா ரப்பர் ஸ்டாம்ப் கடைக்குப் போய் ஒரு இன்ச்ல ஸ்டாம்ப் செஞ்சு குத்திப் பாருங்க. ஸ்டாம்ப்ல தெளிவா விழுந்தா பில் புக்லயும் விழும், கட்டைப்பைலயும் விழும்.

தமிழ்ல இலை, கொடி மாதிரி வளைஞ்ச ஃபான்ட் சொல்லுங்க அக்கா.
– ஒரு வாசகி, சேலம்

எழுத்தை இலையா ஆக்காதீங்க, படிக்க முடியாது, ணவும் னவும் குழம்பிடும். படம் ஒரு பக்கம் இருக்கட்டும், எழுத்து அமைதியா நிக்கட்டும். கூகுள் ஃபான்ட்ஸ்ல கட்டமரன், முக்தா மலர் ரெண்டும் தெளிவு, கொஞ்சம் உருண்டையா வேணும்னா பலூ தம்பி, கையெழுத்து சாயல் வேணும்னா கவிவனார். எல்லாமே வியாபாரத்துக்கும் இலவசம்.

நர்சரி வச்சிருக்கேன். போன்ல கிளிப்பச்சையா இருக்கிற லோகோ பவுச்ல அடிச்சா பாசி மாதிரி வருது. பிரஸ்காரர் ஏமாத்தறாரா?
– ஒரு வாசகர், ஓசூர்

ஏமாத்தல தம்பி. போன் திரை வெளிச்சத்தால நிறம் காட்டுது, பிரஸ் நாலு மையைக் கலந்து காட்டுது, அந்தப் பளிச் பச்சை நாலு மைல பிறக்கவே பிறக்காது. அதுவும் நீங்க காக்கிக் கலர் கிராஃப்ட் பவுச்ல அடிக்கறீங்க, அடில வெள்ளை இல்லன்னா காகிதத்தோட பழுப்பு மேல ஏறி எல்லா நிறமும் மங்கிடும். தொழிலுக்கு வந்த புதுசுல இதே மாதிரி ஒரு லாட் முழுக்க எனக்கும் போச்சு, அந்த வாடிக்கையாளர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். ஒண்ணு, வெள்ளை அடிச்சுட்டு மேல பச்சை அடிக்கச் சொல்லுங்க, இல்லன்னா பச்சையை விட்டுட்டு கிராஃப்ட்ல நல்லா எடுக்கிற கறுப்புக்கோ செம்மண் நிறத்துக்கோ போங்க, ஓசூர் மண்ணே செம்மண்தானே. கொஞ்சமா அடிக்கறவங்க கலருக்கு ஒரு சிலிண்டர்னு (அச்சு உருளை) காசு போடாதீங்க, வெறும் பவுச் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுங்க. எதுவா இருந்தாலும் ஒரே ஒரு சாம்பிள் அதே பவுச்ல அடிச்சு வாங்கி, உங்க நர்சரி வெயில்ல செடிங்களுக்கு நடுவுல வச்சுப் பாத்துட்டு மிச்சத்துக்கு ஓகே சொல்லுங்க.