கேள்வி-பதில்: இட்லிப் பொடிக்கு என்ன விலை வைப்பது?

கேள்வி: வீட்டிலேயே இட்லிப் பொடி அரைத்து 200 கிராம் பாக்கெட்டாக விற்கிறேன். அடக்கம் 65 ரூபாய். தெரிந்தவர்களுக்கு 80 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். மளிகைக் கடையில் 20 சதவீதம் கமிஷன், பதினைந்து நாள் கடன் கேட்கிறார்கள். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் சொல்கிறார்கள். கட்டுப்படியாகுமா?

பதில்: முதலில் அந்த 65 ரூபாயைச் சரிபாருங்கள். வறுக்கும்போது ஈரம் போய்ப் பருப்பின் எடை குறையும். அரவை மிஷினிலும் கொஞ்சம் தங்கிவிடும். ஆகவே வாங்கிய எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அரைத்து ஆறிய பொடியை நிறுத்து, அதில் எத்தனை பாக்கெட் வருகிறது என்று பாருங்கள். கவர், லேபிள், காஸ் செலவோடு உங்கள் உழைப்புக்கும் கூலி சேர்க்க வேண்டும். வீட்டுத் தொழிலில் பலரும் விட்டுவிடுவது இந்தக் கூலியைத்தான். ஆர்டர் கூடி உதவிக்கு ஓர் ஆளை வைத்ததுமே லாபம் கரைந்துவிடும்.

அடுத்து, கடைக்காரர் சொல்லும் 20 சதவீதம் எதன் மீது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது எம்.ஆர்.பி. மீதுதான், உங்கள் அடக்கத்தின் மீதல்ல. 80 ரூபாய் அச்சிட்டால் கடைக்கு 16, உங்களுக்கு 64. விற்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு ரூபாய் நஷ்டம்! 100 ரூபாய் போட்டால் 80 கைக்கு வரும், 15 ரூபாய் நிற்கும். ஆனால் 100 பாக்கெட்டில் 5 திரும்பி வந்தால் வரவு 7,600, செலவு 6,500. பாக்கெட்டுக்கு மிஞ்சுவது 11 ரூபாய்தான். கடைக்குக் கொண்டுபோகும் பெட்ரோல் செலவும் அதிலிருந்தே போக வேண்டும். 110 ரூபாய் என்றால் அதே கணக்கில் 18 ரூபாய்க்கு மேல் நிற்கும். அந்தக் கடை அலமாரியில் இருக்கும் மற்ற 200 கிராம் பொடிகளின் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடையில் 110, உங்கள் வீட்டில் 80 என்று மட்டும் விற்காதீர்கள். விஷயம் தெரிந்த அன்றே கடைக்காரர் சரக்கை நிறுத்திவிடுவார். முதலில் 12 பாக்கெட் கொடுங்கள். பழைய பில்லுக்குப் பணம் வாங்கிக்கொண்டு புதுச் சரக்கை வையுங்கள். பதினைந்து நாள் கடன் கொடுத்தால், முதல் சரக்கின் பணம் வருவதற்குள் அடுத்த சரக்குக்கும் நீங்களே முதல் போட வேண்டியிருக்கும்.

லேபிளில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க எண், சைவக் குறி, சேர்மானங்கள், நிகர எடை, எல்லா வரிகளும் சேர்ந்த எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, முகவரி, புகார் சொல்ல ஒரு போன் எண் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் 200 பேருக்கு பிராட்காஸ்ட் அனுப்பினால் ஐந்தாறு பேர்தான் பார்க்கிறார்கள். காசு கொடுத்து விளம்பரம் போடலாமா?

பதில்: உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். பாக்கெட்டோடு ஒரு சின்னச் சீட்டு வைத்து எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமான வேலை, வாங்கியவர் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் குறிப்பது. பொடி தீரும் சமயம் பார்த்து, அவருக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். ஒருமுறை வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுபடி வாங்குகிறார்கள் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். பாதிப் பேர்கூடத் திரும்பி வரவில்லை என்றால் விளம்பரத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். காரம் அதிகமா, உப்புக் குறைவா, கவரில் காற்றுப் புகுந்து வாசனை போகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு “20 சதவீதத் தள்ளுபடி! சர்க்கரை நோயைக் குணமாக்கும் கறிவேப்பிலைப் பொடி!” என்று நோட்டீஸ் அடிக்கலாமா?

பதில்: சர்க்கரை நோய் பற்றிய வரியை எடுத்துவிடுங்கள். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிகள் தடுக்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அவர் உயிருக்கே ஆபத்து.

தள்ளுபடியும் வேண்டாம். 75 ரூபாய் அடக்கமுள்ள பொருளை 100 ரூபாய்க்கு விற்றால் லாபம் 25. 80-க்குக் கொடுத்தால் 5. பழைய லாபத்தைப் பார்க்க ஐந்து மடங்கு விற்றாக வேண்டும். விலையைக் குறைக்காமல், இரண்டு பாக்கெட் வாங்குபவருக்கு வேறொரு பொடியில் 25 கிராம் மாதிரி கொடுங்கள். அதன் அடக்கம் மட்டுமே உங்களுக்குச் செலவு, அடுத்த ஆர்டரில் அந்தப் பொடியையும் கேட்க வாய்ப்பு உண்டு.